தம்மாமில் அது கோழி

ஆறு வருடம், பதினாலாம் நம்பர் அறையில்
மரிவிக் சமைத்த அடோபோ எல்லாம்
கோழியில்தான்.
மூடியைத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வாள்:
"இது ஒத்திகை, சுகிர்தா. நாடகம் பன்றியில்."
பன்றி என்ற சொல்லையே அந்த ஊரில்
குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொல்லிக்கொள்வோம்.

காட்பாடியில் ரயில்வே கேட்டுக்கு அப்பால்
ஞாயிறு மட்டும் வெட்டுகிற சின்னராசு கேட்டார்,
"இன்னாத்துக்கு மே? வறுவலா, கொயம்பா?"
இரண்டும் இல்லை.
"தோலு எடுத்துறவா?"
வேண்டாம். தோலோடு, கொழுப்போடு,
வயிற்றுப் பக்கம், இரண்டு விரல் அகலத்தில்.
மரிவிக் அனுப்பியதைக் கைபேசியில் பார்த்து
ஒரு வரி விடாமல் படித்தேன்.
கத்தியை நிறுத்தி,
"எந்த டாக்டரு எழுதுனது?" என்றார்.

சத்துவாச்சாரி. மே மாதம். மணி பத்துதான்.
நேற்றைய வெயிலையும் செலவழிக்காமல் வைத்திருந்த மலை
சன்னலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
மேல்வீட்டில் எல்லோரும் திருத்தணி போன நாளாகப் பார்த்து
அடுப்பைப் பற்றவைத்தேன்.
வாடகைப் பத்திரத்தில் கறியைப் பற்றி ஒன்றும் இல்லை.
இருந்தாலும்.

பூண்டு ஒரு முழுசு, நசுக்கியது.
மிளகு, நசுக்காதது.
பிரியாணிக்கு வாங்கிய இலை மூன்று.
பிரபுதாஸ் தேடிப் பிடித்து வந்த சோயா சாஸ்.
அவள் கேட்டதோ தென்னங்கள் புளித்த காடி;
என்னிடம் இருந்தது
தண்ணீர்போல் நடிக்கிற கடை வினிகர்.

ஊற்றியதும் கண் கரித்தது.
கரண்டியை எடுத்தேன்.
"தொடாதே!"
இரவு டியூட்டி முடித்து, தலையில் ஈரத் துண்டோடு
தம்மாமிலிருந்து கத்தினாள்.
"முதலில் அது தன் கோபத்தைக் கொதித்துத் தீர்க்கட்டும்.
நடுவில் கிளறினால்
சாப்பிடும்வரை மனசில் வைத்துக்கொள்ளும்."
குக்கரில் நாலு விசில் விட்டால் போதுமே என்றேன்.
பதில் சொல்லாமல் நகம் வெட்ட ஆரம்பித்தாள்.

சிக்னல் போய், அவள் முகம்
பாதிச் சொல்லில் உறைந்து நின்ற நேரம்
காய்ந்த மிளகாய் இரண்டைக் கிள்ளிப் போட்டேன்.
திரும்பி வந்ததும் முதல் கேள்வி:
"சிவப்பாய் என்ன மிதக்கிறது?"
நான் அடுப்பைத் துடைத்தேன்.
"பிக்கோல்காரர்கள் உன்னைத் தத்தெடுப்பார்கள்.
என் அம்மா கதவைச் சாத்துவாள்."

எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்று
எனக்குத் தெரியாது. தின்றதே இல்லை.
தின்றவளுக்கோ வாசனை போய்ச் சேராது.
தண்ணீர் வற்றி எண்ணெய் ஓரம் ஒதுங்கியதும்
ஒரு துண்டைக் கரண்டி முதுகால் அழுத்திக் காட்டினேன்.
தோல் நடுங்கி, பழையபடி உட்கார்ந்தது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"போனைச் சட்டிக்கிட்டே கொண்டு போ.
படம் வேண்டாம். சத்தம்."

பிடித்திருந்தேன். திரை ஆவியில் மூடியது.
உள்ளே தடித்த குமிழ்கள்
ஒவ்வொன்றாய் வாய் திறந்து மூடின.
விரல் சுட்டது, கை மாற்றினேன்.
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
"ஏசி" என்றாள், நான் கேட்காமலே.

ஜெனிட்டா சோற்றில் பிசைந்து ஒரு வாய் தின்றாள்.
"புளிக்குது. உப்பா இருக்குது. காரமே இல்ல."
பிறகு தட்டை நீட்டினாள்.
நான் வந்து மூன்று மாதம் ஆகிறது.
இரண்டாம் முறை சோறு கேட்டது இன்றுதான்.

மறுநாள்தான் ருசி கூடும் என்பது மரிவிக் சட்டம்.
மீதியை எடுத்து வைக்கும்போது
மேல்வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்தார்.
நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதப் பொட்டலம்.
வாசலில் நின்று மூக்கை ஒருமுறை இழுத்தார்.
"பூண்டு ஊறுகாயா? கம்முனு இருக்குதே.
எனக்கு ஒரு கிண்ணம் கொடேன்."

மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்,
"இன்னும் ஊறணும்க்கா."